சர்வருக்குப் பொட்டு வைத்த சங்கம்

மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன் நான். அந்தப் பாவத்துக்கு, தாராவித் தமிழ் வகுப்பை ஆன்லைனில் ஏற்றும் வேலையை எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் என் தலையில் கட்டினார்கள். வகுப்பு எடுக்கும் டீச்சருக்கு முப்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவர் குடியிருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். அவர் பாண்டுப்புக்குப் போகிறார்; அதே கட்டடத்தில் இருந்த வகுப்புப் பிள்ளைகள் காட்கோபர், டிராம்பே என்று ஆளுக்கொரு திக்கில் சிதறுகிறார்கள். ஆன்லைனில் நடந்தால் வகுப்பு உண்டு, இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடலாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

"எப்படியாச்சும் பண்ணிக் குடுத்துருங்க சார். இந்த வகுப்பு இல்லன்னா எனக்கு ஞாயித்துக்கெழமையே கெடையாது," என்றார் டீச்சர். அதற்குப் பிறகு மறுக்க மனசு வரவில்லை.

பாடம் நடத்தும் சாஃப்ட்வேரை வாடகை சர்வரில் ஏற்றுவது பெரிய வித்தையில்லை. டேட்டாபேஸைத் திறந்து, ஃபைல்களை ஏற்றி, அது கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். தனியாக விட்டிருந்தால் காபி ஆறுவதற்குள் முடித்திருப்பேன். விடுவார்களா? மாட்டுங்காவில் தலைவர் வீட்டில் கமிட்டியே என்னைச் சுற்றி உட்கார்ந்தது. சந்தனம், குங்குமம், தேங்காய் எல்லாம் தயார்.

"சர்வர் எங்கே இருக்கு?" என்றார் செயலாளர்.

"சிங்கப்பூர்ல."

"அப்போ தேங்காயை எங்கே உடைக்கறது?"

பெரிய விவாதத்துக்குப் பிறகு என் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தார்கள். குங்குமம் கீபோர்டில் கொட்டி இரண்டு பட்டன்கள் சிக்கிக்கொண்டன. ராகுகாலம் வருகிறது, சீக்கிரம் முடி என்று விரட்டியதும் அதே ஆட்கள்தான். திரையில் ஒரு வரி பச்சையானால் கைதட்டினார்கள், சிவப்பானால் என்னை முறைத்தார்கள். கல்யாண வீட்டில் சாம்பாரைத் தீய விட்டவனைக்கூட யாரும் இப்படி முறைத்திருக்க மாட்டார்கள்.

என்ன மொழி வேண்டும் என்று சாஃப்ட்வேர் கேட்டது. இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் மூன்றையும் வைக்கிறேன் என்றேன். மாட்டுங்காவிலேயே பிறந்து, பேங்க் வேலையில் ஓய்வுபெற்ற தலைவர் எழுந்தே விட்டார்.

"நம்ம சங்கத்துல ஹிந்தியா? நன்னாருக்கே! தமிழ் ஒண்ணுதான். மத்ததையெல்லாம் தூக்கிக் கடாசுங்கோ."

வார்த்தைகளையும் அவரே தேர்ந்தெடுத்தார். நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட, அவர் கண்ணை மூடிக் கேட்டார். லாகின் கூடாது, 'உள்நுழைக'. பாஸ்வேர்ட் கூடாது, 'கடவுச்சொல்'. "ஆஹா, தேன்!" என்றார். தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள வருகிற வகுப்பு சார் இது என்று சொல்லிப் பார்த்தேன்.

"உள்ளே வந்தா தானா கத்துக்கும்," என்றார்.

எப்படி உள்ளே வரும் என்று கத்தத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்னபடி செய்து முடித்தேன்.

தொடக்க விழா தாராவியில், டீச்சரின் வகுப்பறையில் நடந்தது. ஒரு சிறுமியிடம் ஃபோனைக் கொடுத்து வகுப்புக்குள் போகச் சொன்னார்கள். அவள் திரையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், யே க்யா லிக்கா ஹை?" என்ன எழுதியிருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டாள்.

டீச்சரின் முகம் செத்துவிட்டது. "பாத்தேளா, இதெல்லாம் குழந்தைகளுக்குச் சரிப்படாது. வகுப்பை இதோட முடிச்சுக்கலாம்," என்று செயலாளர் ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்! ஃபோனை வாங்கித் தலைவர் கையில் திணித்தேன்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க சார்."

தலைவர் திரையையே பார்த்தார். பிறகு செயலாளரிடம் நீட்டினார். அவர் பொருளாளரிடம் தள்ளினார். பொருளாளர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெட் இல்லை போலிருக்கு," என்றார். நெட் ஜோராக இருந்தது. தமிழ்ச் சங்கத்துக் கமிட்டியில் ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைவரின் காது சிவந்திருப்பதைப் பார்த்ததும், பாவம், அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "ஹிந்திலயே போட்டுருங்க சார். புள்ளைங்க உள்ள வந்துட்டா போதும், பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

தலைவர் சரியென்று தலையாட்டினார். நான் அங்கேயே ஹிந்தியைச் சேர்த்தேன். சிறுமி டக்கென்று உள்ளே போய்விட்டாள். விழா முடிந்து கிளம்பும்போது தலைவர் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்.

அடுத்த ஞாயிறு டீச்சர் பாண்டுப்பிலிருந்து பாடம் எடுத்தார். சர்வர் தாங்குகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் முகங்களுக்கு நடுவே ஒரு கட்டம் மட்டும் இருட்டாக இருந்தது. டீச்சர் அதைத்தான் கூப்பிட்டார்.

"தலைவர் சார், கேமராவப் போடுங்க. 'அ'வ எங்க இருந்து சுழிக்கீங்கன்னு நான் பாக்கணும்."