சூடு என்று வருகிறவர்கள்

உடம்புச் சூட்டுக்கு வைத்தியம் பார்க்கிற தொழிலில், வருகிறவர்கள் நோயின் பெயரைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்; நமக்கு மிச்சம் இருப்பது பயப்படுவது மட்டும்தான்.

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரம் ஒரு சிறிய ஆயுர்வேத நிலையத்தில் வேலை செய்கிறேன். பெரிய டொக்டர் சிங்களவர். தமிழ் பேசுகிற நோயாளர்களை என்னிடம் அனுப்பிவிடுவார். பன்வில தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கோ, ஒருவர் நாடி பார்க்கக் கையை நீட்டினால் அவருடைய துடிப்புக்கு முன்னால் என்னுடைய துடிப்புத்தான் தெரிகிறது. உங்களில் முதல் வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாத வாய்ப்புண்

கண்டியில் வங்கி வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வாய்ப்புண்ணோடு வந்தார். சூடு என்றார். நானும் மோர், பூசணிக்காய், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் என்று சொல்லி, மிளகாயைக் குறைக்கச் சொன்னேன். அவர் எழுந்து கதவுவரை போய்விட்டார். அதற்குள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை அது வெறும் சூடு இல்லையென்றால்? கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடி வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தேன். ஆறாவிட்டால் கட்டாயம் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றேன். வாசலில் செருப்பைப் போடும்போது அதையே மறுபடி சொன்னேன்.

அவர் குடையை விரித்தபடி சொன்னார்: "சூட்டைக் குறைக்க வந்தனான் பிள்ளை. நீர் பயத்தைக் கூட்டி அனுப்புறீர்."

தொட்டுப் பார்த்த பிறகு

ஒரு ஆட்டோ ஓட்டுநர். கண் சிவந்திருந்தது. வெயிலில் ஓடி ஓடி உடம்பு சூடாகிவிட்டது, ஆவாரம்பூத் தேநீர் குடித்தும் அடங்கவில்லை என்றார். நெற்றியைத் தொட்டேன். நன்றாகக் காய்ச்சல். டெங்கு பரவியிருந்த நேரம் அது. இங்கே மருந்து கிடையாது, இப்போதே போய் இரத்தம் பரிசோதியுங்கள் என்றேன். "காய்ச்சல்னா நானே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே டொக்டரம்மா, இது சூடுங்க" என்று அவர் வாதாடினார். கடைசியில் பெரிய டொக்டரை வைத்து அதட்டித்தான் அனுப்ப முடிந்தது. டெங்குதான், நேரத்தோடு போனதால் பிழைத்தார். அதைக் கேட்ட பிறகு, சூடு என்று வந்த எல்லோருடைய நெற்றியையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

மருந்து கட்டிக் கொடுக்கும் ரிஸானா எனக்கு ஒரு தேத்தண்ணீர் வைத்துவிட்டுச் சொன்னாள்: "காய்ச்சல் எண்டு சொல்ல அவங்களுக்குப் பயம். சூடு எண்டு சொல்ல உங்களுக்குப் பயம். நடுவுல நான் என்னத்தக் கட்டிக் குடுக்க?"

கால் எரிச்சல்

ஹந்தானையிலிருந்து வந்த செல்வராஜ், டவுனில் ஒரு கடைக்குக் காவல் வேலை செய்பவர். உள்ளங்கால் எரிகிறது, தூக்கமில்லை என்றார். சிறுநீரகக் கோளாறு, சீனி வியாதி, பிரஷர் ஏதாவது உண்டா, வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டேன். "சத்தியமா ஒண்ணும் இல்லங்க" என்றார். கருவாடும் ஊறுகாயும் வேண்டாம், காலுக்கு எண்ணெய் தேயுங்கள், தினமும் காலையில் ஒரு தம்பிலி குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தம்பிலி என்றால் செவ்விளநீர். சூட்டுக்கு இங்கே எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.

சில வாரம் கழித்து எண்ணெய் வாங்க அவருடைய மனைவி வந்தார். கண்டியில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்பவர். லீவு கிடைத்தால்தான் ஹந்தானைக்குப் போவார். செல்வராஜ் வரவில்லையா என்று கேட்டேன். "இன்னைக்கு அவருக்குக் கிட்னி கிளினிக்குங்க. உடம்புல பலமே இல்லன்னு போன்ல சொன்னாரு" என்றார்.

தம்பிலியில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடலாம். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அவர் ஏன் என்னிடம் மறைத்தார் என்று கேட்டேன்.

"இங்கிலிஷ் மருந்து எடுக்கிறது தெரிஞ்சா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லலைங்க."

வரிசையில்

செல்வராஜுக்குப் போன் செய்தோம். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பெரிய டொக்டர் "உடனே போங்கள்" என்றார். அந்த அம்மாவோடு பஸ் ஏறினேன். தம்பிலி விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். பேராதனைச் சந்தியில் வாகனங்கள் நகரவே இல்லை. செல்வராஜுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று யோசித்தேன்.

கண்டி ஆஸ்பத்திரியில், கிளினிக் வாங்குப் பலகையில் செல்வராஜ் உட்கார்ந்திருந்தார், உயிரோடு. மடியில் துணிப்பை. அதற்குள் என்னுடைய எண்ணெய்ப் போத்தல், நர்ஸ் கண்ணில் படாமல் துவாய்த் துண்டில் சுற்றியிருந்தது. இனித் தம்பிலியைத் தொடாதீர்கள், இதுவரை எவ்வளவு குடித்தீர்கள் என்று உள்ளே டொக்டரிடம் சொல்லுங்கள், எண்ணெயையும் காட்டுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார். "கோவிச்சுக்காதீங்க டொக்டரம்மா. எங்க பக்கம் காலையில ஒரே பனிங்க. சளி பிடிச்சுக்குமேன்னு ஒரு நாள்கூடக் குடிக்கலைங்க."

தன் பேச்சைக் கேட்காத நோயாளியைக் கையெடுத்துக் கும்பிட்ட வைத்தியர், கண்டிப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.