களிம்பும் மூன்றாவது ஹார்மானிக்கும்

"இந்த ஆம்ப் தேறாது" என்று சொல்லிவிடும் நிலைக்கு நான் வந்துவிட்டேன். கோட்டக்குப்பம் நசீர் பாய் துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தமாக வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர் அது. டெஸ்டில் தேறினால் இங்கேயே தொழில். இல்லையென்றால் அடுத்த வாரமே மறுபடி துபாய். டிக்கெட் போட்டாயிற்று.

ஃபேக்டரி டெஸ்டிங்கிலிருந்து ரிட்டையர் ஆனபின், மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய என் வீட்டில் ஒரு சிக்கன லேப் வைத்திருக்கிறேன். விலை உயர்ந்த அனலைசர் கிடையாது. சுத்தமான ஒற்றை அலைக்கு, அதாவது சைன் வேவுக்கு, நானே கட்டிய ஆசிலேட்டர். அலை ஏறி இறங்காமல் பிடித்து வைக்க அதில் ஒரு குட்டி பல்பு. அளக்க, அந்த அலையை மட்டும் வடிகட்டும் நாட்ச் ஃபில்டர், அப்புறம் மிச்சத்தைக் கம்ப்யூட்டர் திரையில் காட்ட யுஎஸ்பி சவுண்ட் கார்டு. வடிகட்டியபின் மிஞ்சுவதுதான் டிஸ்டார்ஷன், அலையில் சேர்ந்த கலப்படம்.

ஆசிலேட்டரை நேராக மாட்டினால் திரை சுத்தம். நடுவில் ஆம்பை வைத்து, ஸ்பீக்கருக்குப் பதில் டம்மி லோடு மாட்டினால் மூன்றாவது ஹார்மானிக், அதாவது மூல அலையைவிட மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கும் கள்ள அலை, திரையில் குச்சி மாதிரி நிமிர்ந்தது. குற்றவாளி ஆம்ப்தான் என்று தீர்மானித்தேன். ஒன்றுதான் உறுத்தியது: லோடு ஒயரைத் தொட்டால் குச்சி ஆடியது. ஆம்புக்குள் கோளாறு என்றால் வெளியே ஒயரைத் தொட்டால் ஏன் ஆட வேண்டும்?

முடிவு கேட்க நசீர் பாயும் அவர் மனைவி ஷாஹிதாவும் வந்தார்கள். ஷாஹிதா லோடு ஒயரின் முனையிலிருந்த கிளிப்பை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, இதுல களிம்பு இருக்குதே."

"இருக்கும்மா. நான்தான் தடவினேன்." உப்புக் காற்றுக்குப் பயந்து எல்லா கிளிப்பிலும் வாசலின் பூசுவது இங்கே வழக்கம். என் பேச்சில் அதுதான் களிம்பு.

"தடவுன களிம்ப சொல்லலண்ணே, ஏறுன களிம்பு. பித்தளை குண்டான்ல ஏறுமே, அது. அடியில பச்சையா தெரியுது பாருங்க."

வெட்கமாகப் போயிற்று. துடைக்காமலே பூசி, அந்தப் பச்சைக்கு நானே காவல் போட்டிருக்கிறேன். களிம்பேறிய இணைப்பு கரண்டைச் சீராக விடாது, அலையை நசுக்கிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். குச்சி படுத்துவிட்டது. ஆசிலேட்டரை நேராக மாட்டியபோது தெரிந்த அளவேதான் தெரிந்தது.

"ஆம்ப்ல எவ்ளோ டிஸ்டார்ஷன் சார்?" என்றார் நசீர் பாய்.

"தெரியல பாய். என் செட்டப்புக்கு எட்டற அளவுக்கு இல்ல."

ஷாஹிதாதான் சொன்னார்: "அப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க."

அளக்கிற வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆசிலேட்டரைச் சோதித்தால் மட்டும் போதாது, கடைசி கிளிப் வரை எல்லாமே உங்கள் கருவிதான். அதைப் பார்க்காமல் ஒரு மனிதரைக் கடல் தாண்டி அனுப்ப இருந்தேன்.