பொட்டு வைத்த ஆயா

ஆம்பூரில் நான் உபாத்தியாயராக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயில் வாசலில் அந்த ஆயாவைப் பார்ப்பேன். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, மடியில் ஒரு பேரப்பிள்ளை. தோல் மண்டியில் உழைத்து ஓய்ந்த அவள் கணவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டார், அவள் சேரவில்லை. ஆனாலும் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, பூசை முடியும்வரை வெளியிலேயே உட்கார்ந்திருப்பாள்.

“உள்ள வந்து உக்காரலாமே ஆயா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவரு சாமி வேற, என் சாமி வேற, வாத்தியாரே. அதுக்குன்னு அவர தனியா அனுப்ப முடியுமா? கண்ணு கம்மியாதான் தெரியுது அவருக்கு.”

அடுத்த கோடையில் காய்ச்சல் கண்டு அவள் இறந்துபோனாள். பேரப்பிள்ளைகள் கதறினார்கள். அவள் வழக்கப்படியே பாலாற்றங்கரையில் எரிக்கச் சொன்னவர் கிழவர்தான். நெருப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவள இங்க எரிச்சிட்டோம். என்னைக் கல்லறையில பொதைப்பாங்க. நீங்க படிச்சவரு, சொல்லுங்க. அப்பறம் நாங்க ரெண்டு பேரும் எங்க பாத்துக்கறது?”

பிறகு பாதிரியாரைக் கேட்டேன், குருக்களையும் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இரண்டு பதிலிலும் கிழவரும் ஆயாவும் சேர்ந்து இல்லை. அது எப்படிச் சரியாகும் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.