திருப்பிப் பிடித்த தூரக்கண்ணாடி

"எழுதப் படிக்கத் தெரிஞ்சாப்புல ரேடியோ செஞ்சிருவியாக்கும்?" என்று அண்ணன் சிரித்தான். அவன் வள்ளத்தில் புயல் எச்சரிக்கை கேட்பதற்காகத்தான் அந்த ரேடியோவைச் செய்தேன். அது பேசவில்லை. அய்யாவின் பழைய தூரக்கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து, சர்க்யூட் அட்டையில் கம்பிகளை ஒட்டவைத்த ஈயப் பற்றுகளைப் பார்த்தேன். அதன் தோல்வாரில் இன்னும் மீனெண்ணெய் வாடை.

ஏழு வயதில் பாம்பன் கரையிலும் இப்படித் திருப்பித்தான் பார்த்தேன். அய்யாவின் வள்ளம் கடுகாகச் சுருங்கியது. அம்மா வெடுக்கென்று பிடுங்கினாள்.

"திருப்பிப் பாக்காத புள்ள, ஒங்க அய்யா தூரமாப் போயிருவாரு."

அன்று போன வள்ளம் திரும்பவில்லை. அம்மா என்னைக் குறை சொல்லவில்லை.

தூரத்தைச் சுருக்கும் அதே பக்கம், அட்டையை ஒட்டிப் பிடித்தால் பூதக்கண்ணாடி; இப்போது ஒரு பற்றில் மயிரிழை விரிசல் பெரிதாகத் தெரிந்தது. பின்னால் நின்றிருந்த அம்மா இந்த முறை பிடுங்கவில்லை.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

விரிசலை ஈயத்தால் பற்றவைத்து, பேசத் தொடங்கிய ரேடியோவை அண்ணனின் வள்ளத்தில் கட்டிவிட்டேன்.