ஆந்தைக்கு முன்னால் இரண்டு கேமராக்கள்

நான் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் முச்சந்தியில் ஒரு கம்பமும் அதன் உச்சியில் ஒரு மரப்பெட்டியும் இருக்கின்றன. எலிகள் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழங்களைக் கொறித்து நாசம் பண்ணுவதால், அவற்றைப் பிடிக்க ஆந்தைகள் வந்து குடியிருக்கட்டும் என்று தோட்டத்து நிர்வாகம் அங்கங்கே வைத்த பெட்டிகளில் அது ஒன்று. பல வருஷமாக அதன் அடியில் நின்றிருக்கிறேன். அண்ணாந்து பார்த்ததில்லை. போன வருஷம் இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்பிய ஒரு சாயங்காலம், வெள்ளைத் துணி ஒன்று காற்றில் போவது மாதிரி என் தலைக்கு மேலே ஏதோ போய் அந்தப் பெட்டிக்குள் நுழைந்தது. துளிச் சத்தமில்லை. செனாவாங் ஃபேக்டரியில் என் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்றே இருந்தது.

மறுநாளிலிருந்து போனில் படம் பிடிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இருட்டில் மாவு கொட்டிய மாதிரி ஒரு வெள்ளைக் கறைதான் விழுந்தது. கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டினால், எந்த டிடர்ஜென்ட்டில் துவைத்தாய் என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். அதற்குக் கேமரா வேண்டும்.

புதுக் கேமரா நமக்கு எட்டாது. பழைய டிஎஸ்எல்ஆர் பக்கம் இறங்கினேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். லென்ஸ் என்றால் என்ன, ஷட்டர் என்றால் என்ன என்று தெரியாமல் ஆரம்பித்தவள், ஒரு மாதத்தில் என் வீட்டுக்காரர் சோறு சாப்பிடும்போது அவருக்கு ஐஎஸ்ஓ பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, ரசம் இருக்கிறதா என்று கேட்பார்.

கடைசியில் இரண்டு கேமராக்கள் மிஞ்சின. இரண்டும் ஒரே தயாரிப்பு, ஏறக்குறைய ஒரே விலை. ஒன்று மந்தின் என்ற ஊரில் இருந்தது. வயதில் மூத்தது, கனமானது, ஃபுல் ஃபிரேம். அதாவது அதற்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் தகடு பெரியது. மங்கலான வெளிச்சத்திலும் படம் சுத்தமாக வரும் என்றார்கள். ஆனால் வேகம் இல்லை. இன்னொன்று செனாவாங்கில். தகடு சின்னது. இருட்டினால் படத்தில் ரவை தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக வரும். ஆனால் பட்டனை அழுத்திப் பிடித்தால் படபடவென்று எடுத்துக்கொண்டே போகும். பறக்கிற பறவையை விரட்டிப் பிடிக்கும். தூரத்தில் இருப்பது இன்னும் கிட்டத்தில் தெரியும். ஆந்தை இருட்டிலும் வருகிறது, பறந்தும் வருகிறது. நான் எதை வாங்குவது?

ஒரு சனிக்கிழமை மோட்டாரில் மந்தினுக்குப் போனோம். விற்கிறவர் ஒரு மலாய்க்கார மாமா, மலாயில் பாக்சிக். வாழ்நாள் முழுக்கக் கல்யாணப் படம் எடுத்து ஓய்ந்தவர். வீட்டு வாசலில் பாலில்லாத டீ, தே ஓ, கொடுத்து உட்கார வைத்துவிட்டு, உள்ளே இருந்து கேமராவை ஒரு துண்டில் சுற்றி, குளிப்பாட்டிய பிள்ளையைத் தூக்கி வருவது மாதிரி கொண்டு வந்தார். பிடியில் ரப்பர் தேய்ந்து பிசுபிசுத்தது. நான் போன் லைட்டை அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். வீடியோவில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவர் அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கண்ணை வைத்துப் பார்த்தேன். எதிர்வீட்டு ரம்புத்தான் மரம், கொடியில் காயும் சாரோங், தெருவில் போகும் பூனை எல்லாம் ஒரு பெரிய ஜன்னல் வழியாகத் தெரிவது மாதிரி இருந்தது. பட்டனை அழுத்தினேன். கனத்த கதவு ஒன்றைச் சாத்திய சத்தம். பின்னால் திரையில் அந்தப் பூனையின் மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. என் முகத்தைப் பார்த்த வீட்டுக்காரர், பேரம் பேசுவதற்கு இனி வழியில்லை என்று தெரிந்துகொண்டு தே ஓவைக் குடிக்க ஆரம்பித்தார்.

எதற்குக் கேமரா என்று பாக்சிக் கேட்டார். புரோங் ஹந்து, ஆந்தைக்கு, என்றேன். மலாயில் அந்தப் பெயரைச் சொன்னால் பேய்ப் பறவை என்றுதான் அர்த்தம். அவர் புருவத்தை உயர்த்தினார். கல்யாணப் பெண், மாப்பிள்ளை, சம்பந்திகள் தவிர வேறு எதையும் தான் எடுத்ததே இல்லை என்றார். பிறகு, கேமராவைக் கொடுத்தனுப்ப மாட்டேன், ஆனால் நாளைக்கு நானே அதை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன், அங்கேயே சோதித்துப் பார் என்றார். எங்கள் தோட்டம் கோலா சாவா பக்கம். அவ்வளவு தூரமா என்று நாங்கள் தயங்கினோம். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

திரும்பி வரும்போது செனாவாங்கில் இறங்கினோம். இரண்டாவது கேமராவை விற்கிறவர் ஒரு தமிழ் அக்கா, கிளினிக்கில் நர்ஸ். தேவாலய நிகழ்ச்சிகளுக்கு எடுக்க வாங்கியவர். இப்போது எல்லாரும் போனிலேயே எடுத்துக்கொள்வதால் அலமாரியில் சும்மா கிடக்கிறது என்றார். கேமரா பளபளவென்று இருந்தது. கையில் லேசாக உட்கார்ந்தது. பட்டனை அழுத்திப் பிடித்தேன். தையல் மெஷின் ஓடுவது மாதிரி ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே ஒரு நீள லென்ஸும் தருவதாகச் சொன்னார்.

பாக்சிக் மறுநாள் வருவதை வீட்டுக்காரர்தான் அந்த அக்காவிடம் சொன்னார். அக்கா சட்டென்று, "அப்ப நானும் வரேன் தங்கச்சி. ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சுப் பாத்தாதான உனக்கு நிம்மதி. அப்பறம் எங்கிட்ட வந்து கொற சொல்லக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குஞ்சு இருக்கும் பெட்டி எது என்பதை வீட்டுக்காரர் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார். லோரி ஓட்டிக்கொண்டே, எந்தக் கம்பத்தடியில் எச்சமும் எலி எலும்பும் அதிகம் கிடக்கிறது என்று பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைச் செய்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பந்துத் திடலுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பெட்டி.

பாக்சிக் ஒரு பழைய காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு எடுத்துப் போகும் தன் பெரிய லென்ஸையும் கொண்டு வந்திருந்தார். அக்கா கணவருடன் வந்து, அவரைக் காடியிலேயே தூங்க விட்டுவிட்டு இறங்கினார். இரண்டு விற்பனையாளர்களும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கேமராவை இன்னொருவர் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் பேட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாங்க வந்தவள் நான் ஒரு ஓரமாக நின்றேன்.

வெயில் இருக்கும்போதே முதல் சோதனை. அக்காவின் நீள லென்ஸை இரண்டு கேமராவிலும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே பெட்டியை, ஒரே இடத்திலிருந்து எடுத்தேன். சின்னதில் பெட்டி பெரிதாகத் தெரிந்தது. பெரியதில் பெட்டி கொஞ்சம் எட்டப் போனாலும், மரப்பலகையின் நிறம் கண்ணால் பார்ப்பது போலவே இருந்தது. திடலில் பந்து விளையாடியவர்களையும் எடுத்தேன். பெரிய கேமராவில் கோல் அடித்தவனின் முதுகுதான் கிடைத்தது. சின்னதில் அவன் கால் தூக்கியது, பந்து போனது, கோல்கீப்பர் விழுந்தது எல்லாம் வரிசையாகக் கிடைத்தன. எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஒன்றைக் கையில் எடுத்தால் அதுதான் என்று தோன்றும். மற்றதை எடுத்தால் இதுதான் என்று தோன்றும்.

வெயில் இறங்கியது. பாக்சிக் மக்ரிப் தொழுகைக்குப் போக வேண்டும் என்று மணி பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு கேமரா என்று ஆனது. அவருடையது அவரிடமே. அக்காவின் கேமரா என் கழுத்தில். பெட்டிக்குள்ளிருந்து பழைய கேஸ் அடுப்பு சீறுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. குஞ்சுகள் பசியில் சீறுகின்றன என்று வீட்டுக்காரர் சொன்னார். அக்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அப்போது செம்பனை ஓலைகளுக்கு நடுவிலிருந்து அது வந்தது. வானம் இன்னும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. இறக்கையை ஒருமுறை அடித்தது, பிறகு வழுக்கிக்கொண்டே வந்தது. வாயில் எலி. நான் யோசிக்கவே இல்லை. பட்டனை அழுத்திப் பிடித்தேன், விடவே இல்லை. அது பெட்டிக்குள் போய், எலியைக் கொடுத்து, திரும்பப் பறந்து போன பிறகும் நான் அழுத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, "போயிருச்சு லா, விடு" என்றார்.

பக்கத்தில் பாக்சிக் ஒரே ஒரு தடவை அழுத்திய சத்தத்தை மட்டும் கேட்டிருந்தேன்.

என் படங்களைப் பார்த்தோம். பாதி வெறும் வானம். சிலதில் வால் மட்டும். ஆனால் ஒன்றில் அது முழுசாக இருந்தது. இறக்கை விரிந்து, கால் நீட்டி, வாயில் எலி தொங்க. ரவை தூவிய மாதிரிதான் இருந்தது, ஆனாலும் அதன் கறுப்புக் கண் என்னையே பார்த்தது. நான் கத்திவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

பாக்சிக் தன் படத்தை உடனே காட்டவில்லை. ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேமராவை என்னிடம் நீட்டினார். ஆந்தை உள்ளே போன பிறகு, பெட்டி வாசலில் ஒரு குஞ்சு எட்டிப் பார்த்திருக்கிறது. இதயம் மாதிரி வெள்ளை முகம், தலையில் கொஞ்சம் பஞ்சு ரோமம், சாயங்கால வெளிச்சம் ஒரு கன்னத்தில். புள்ளியில்லை, கறையில்லை. தொட்டால் கையில் ரோமம் ஒட்டும் போல இருந்தது. கேமராவை என் கையிலேயே விட்டுவிட்டு அவர் தோட்டத்து வாசலில் இருக்கும் சூராவ் என்ற சின்னத் தொழுகைக்கூடத்துக்குத் தொழப் போனார்.

அவர் திரும்பி வரும் வரை அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிவு பண்ணிவிட்டேன். வேகம் போனால் போகட்டும், பெரியதுதான் வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் காதோடு சொன்னேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் குசுகுசுத்தோம். காசு இருந்த கவரை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

பாக்சிக் வந்தார். கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"மாஃப் லா, அடிக். தாக் ஜாடி ஜுவால்."

மன்னித்துவிடு தங்கச்சி, விற்கப் போவதில்லை என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் கொண்டு வந்து, கையில் கொடுத்து, ஆசை காட்டிவிட்டு இப்படியா? அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கல்யாணங்களில் இனி யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை, இது இனி எதற்கு என்று நினைத்துத்தான் விளம்பரம் போட்டாராம். இன்றைக்குத்தான் முதல் தடவையாக, யாரும் கேட்காமல், யாருக்கும் கொடுப்பதற்காக இல்லாமல் ஒரு படம் எடுத்தாராம். அந்தக் குஞ்சு படத்தைத் திரும்பவும் திறந்து பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

அக்காதான் முதலில் சிரித்தார். "அப்ப என்னோடத வாங்குறியா, இல்ல நானும் மனச மாத்திக்கவா?"

நான் அவசரமாகக் கவரை அவர் கையில் திணித்தேன். எல்லாரும் சிரித்துவிட்டோம். அக்காவின் கணவர் அப்போதுதான் எழுந்து வந்து, ஆந்தை வந்ததா என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்குப் படுக்கும்போது கொஞ்சம் வருத்தம் இருந்தது. அடுத்த நாள் காலை ஷிப்ட். கேமராவை எடுத்துக்கொண்டே முச்சந்திக்குப் போனேன். பஸ் வருவதற்குள் ஒரு மீன்கொத்தி கம்பியிலிருந்து கால்வாய்க்குப் பாய்ந்தது. படபடவென்று பிடித்தேன். தண்ணீர் சிதறியது, மூக்கில் மீன், நீல இறக்கை எல்லாம் வந்திருந்தன. பஸ்ஸில் ஏறியதும் எல்லா சீட்டுக்கும் போய்க் காட்டினேன். டிடர்ஜென்ட் கேட்டவர்கள் இந்தத் தடவை கேமராவை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பெரியதை நினைத்து நான் வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அடுத்த ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல், பாக்சிக் தன் காடியில் வந்து திடலோரம் நிறுத்தினார். கையில் ஒரு பொட்டலம் குயே பலகாரம், தோளில் அந்தப் பெரிய கேமரா. அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நானும் என் ஷிப்ட்டைப் பார்த்துக்கொண்டு போய் நிற்பேன். கேமராவை மாற்றிக்கொள்வோம். என்னுடையதில் அவர் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டு உடனே விரலை எடுத்துவிடுவார், கல்யாணப் பழக்கம். அவருடையதில் நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏன் ஓடவில்லை என்று பார்ப்பேன்.

போன ஞாயிறு முதல் குஞ்சு பறந்தது. பெட்டி வாசலில் வந்து நின்று, கீழே பார்த்தது, பின்வாங்கியது, திரும்ப வந்தது. தலையை வட்டமாகச் சுற்றியது. பிறகு இறக்கையைத் திறந்து அப்படியே விழுந்தது என்றுதான் நினைத்தோம். விழவில்லை. தள்ளாடிக்கொண்டே போய், வீட்டுக்காரர் நிறுத்தி வைத்திருந்த லோரியின் கூரைமேல் வழுக்கி உட்கார்ந்தது. நான் முழுவதையும் பிடித்துவிட்டேன். பாக்சிக்கிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. அதை விரலால் தட்டிக் காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தார். வீட்டுக்காரர் லோரி பக்கத்திலிருந்து, குஞ்சு இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது, சீக்கிரம் வாங்க என்று கையை ஆட்டினார். நாங்கள் இருவரும் திடலின் குறுக்கே ஓடினோம்.