ஐடிலிங் ஸ்க்ரூவும் மேலேயிருந்து வந்த பதிலும்

சுற்றிலும் வேகிற சூடு... ஆனால் பெல் கம்பியைப் பிடித்தால் மட்டும் உள்ளங்கை சில்லென்று இருக்கும். சுரங்கத்துக்குள் கிணறு மாதிரி இறங்குகிற ஷாஃப்ட்டில் மேலிருந்து தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும்.

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கப் பக்கம் ஒரு ஷாஃப்ட்டில், பூமிக்கு அடியில், கேஜ் வந்து நிற்கிற இடத்தில் பெல் அடிப்பதுதான் அந்தக் காலத்தில் என் வேலை. ஆட்கள் ஏறி இறங்குகிற இரும்புக் கூண்டுதான் கேஜ். மேலே இன்ஜின் ரூமில் ஒரு டிரைவர் அதை இயக்குவார். நான் மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். மேலிருந்தும் மூன்று திரும்பி வரும். அப்புறம் ஒன்று அடித்தால் கேஜ் கிளம்பும்.

அந்த டிரைவர்கள் யார் முகத்தையும் நான் பார்த்ததே இல்லை. ஆனால் இன்றைக்கு யார் டியூட்டி என்று தெரிந்துவிடும்... கேஜை நிறுத்துகிற விதத்தில். ஒருத்தர் டமால் என்று போடுவார். இன்னொருத்தர், தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி விடுவார்.

எனக்கு எழுத்து தெரியாது. எண்ணத் தெரியும், காது நன்றாகக் கேட்கும். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள் கௌதமிதான் போனில் டைப் அடிக்கிறாள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், அவளுடைய பைக்.

மைன்ஸ் மூடின பிறகு நான் ஒரு பழைய பைக் வைத்திருந்தேன். கார்பரேட்டர் பக்கத்தில் ஐடிலிங் ஸ்க்ரூ என்று ஒன்று இருக்கும். அதைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடுகிற ஓட்டத்தை இறக்கி வைப்பேன். தக்... தக்... தக்... என்று ஒவ்வொன்றாக எண்ணலாம். மைன்ஸ் ஆட்கள் வாழ்கிற எங்கள் லைன் வீடுகளில் எல்லார் வண்டியும் அப்படித்தான். பெட்ரோல் வீணாகக் கூடாதே!

கௌதமியின் வண்டி ஃப்யூல் இன்ஜெக்ஷன், கார்பரேட்டரே கிடையாது. விடியற்காலையில் அதில் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் பெங்களூர் ரயிலைப் பிடிப்பாள். ஸ்டார்ட் செய்ததும் விர்ரென்று இரையும்.

"இன்னாம்மா இது, நின்ன எடத்துலயே இம்மாம் ஓட்டம் ஓடுது?"

"புது வண்டி அப்டித்தான்பா. நீ கை வெக்காத, சொல்ட்டேன்."

கை வைத்தேன்.

(இதை அடிக்கும்போதே நிமிர்ந்து பார்க்கிறாள். "ம்ம்" என்கிறாள். "முழுசா சொல்லு, அப்பறம் பேசிக்கிறேன்.")

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கடைக்குப் போயிருந்தாள். தேடிப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ, அதன்மேல் மஞ்சள் பெயிண்ட் பொட்டு. கொஞ்சம் திருப்பினேன். சத்தம் இறங்கியது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள்... மெல்ல ஏறி, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

மறுபடி திருப்பினேன். இறங்கியது. ஏறியது.

கோபம் வரவில்லை. உடம்பு சிலிர்த்துப் போனது. உள்ளே யாரோ இருக்கிறான்! நான் அடிக்கிற பெல்லுக்கு பதில் அடிக்கிறான்! பெட்ரோலை மறந்துவிட்டு, அவன் என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்றே திருப்பிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ரயில்வே கேட்டில் வண்டி நின்றுவிட்டது. ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலேட்டரை விட்டால் நிற்கும். ரயில் போய்விட்டது. இன்னொரு நாள் லேட்டானால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். செவ்வாயும் அதே இடத்தில் நின்றது. கேட் பக்கத்துப் பெட்டிக்கடையில் வண்டியை விட்டுவிட்டு, ஓடிப்போய் ரயிலில் தொற்றிக்கொண்டாள். ரயிலிலிருந்து போன் செய்தாள்.

"நல்லா இருந்த வண்டிப்பா... இன்னா ஆச்சுன்னே தெரியலயே," என்றாள். அழுகிற குரல்.

நேரே அந்தப் பெட்டிக்கடைக்கு நடந்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் சமீரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இன்னா பெரியவரே, பெயிண்ட் மார்க் தள்ளிப் போயிருக்குது. யாரு நோண்டினது?"

"நான்தான்."

"இன்னாத்துக்கு?"

"உள்ள கீறவன் எவ்ளோ தூரம் தாங்குவான்னு பாத்தேன்."

சிரித்துவிட்டு விளக்கினான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வேண்டுமென்றே அதிகமாக ஓடுமாம். சூடானால் தானே இறங்குமாம். நான் ஒரு பக்கம் காற்றை அடைக்க அடைக்க, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் இன்னொரு பக்கம் திறந்துவிட்டிருக்கிறது. முழுசாகத் திறந்தும் பற்றாதபோதுதான் வண்டி நின்றிருக்கிறது.

ஸ்க்ரூவைப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்தான். வயரில் ஒரு மெஷினை மாட்டி, பழைய கணக்கை அழித்தான்.

"இப்ப அதுவே புச்சா கத்துக்கும். பத்து நிமிஷம் ஆக்ஸிலேட்டர தொடக் கூடாது. தொட்ட, மொதல்லேர்ந்து!"

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஓட்டம் ஏறியது, தள்ளாடியது, இறங்கியது... ஓர் இடத்தில் மெத்தென்று உட்கார்ந்தது. பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி.

எனக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது.

ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சுவாரசியத்தில், மூன்று அடிக்காமலே ஒன்று அடித்துவிட்டேன். ஓர் ஆளுக்கு ஒரு கால் கேஜில், ஒரு கால் தரையில். கேஜ் அசைந்திருந்தால் அவன் கதி...

அசையவில்லை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மூன்று வராமல் ஒன்று எப்படி வரும் என்று மேலே அந்தப் பாயில் விடுகிற டிரைவர் காத்திருந்திருக்கிறார். உடனே மூன்று அடித்தேன். மூன்று திரும்பி வந்தது. அவ்வளவுதான். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மேலே வந்து, அந்த டிரைவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அந்த ஓர் அடியையும் சொல்ல வேண்டி வரும். மைன்ஸும் மூடிவிட்டது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கௌதமியிடம், "உள்ள அழுக்கு அடச்சிருந்துச்சாம்," என்றேன். நம்பிவிட்டாள். புதன்கிழமை ரயிலைப் பிடித்துவிட்டாள்.

இப்போது தினமும் காலையில் அந்த இரைச்சலைக் கேட்கிறேன். ஏறி, தானே இறங்குகிறது. அன்றைக்கு மேலே ஒரு மனுஷன் உட்கார்ந்து என் தப்புக்கும் சேர்த்து யோசித்தார். இன்றைக்கு அந்த வேலையை உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று செய்கிறது. பெட்டிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்...

கௌதமி கடைசி வரி வரை டைப் அடித்துவிட்டாள். நிமிர்ந்து கேட்கிறாள்.

"எத்தினி தடவப்பா திருப்பின?"

"நாலு."

"சரி, நாலுன்னு போட்டுட்டேன். சமீர் அன்னிக்கே போன்ல சொல்லிட்டாரு. நீயா எப்ப சொல்லுவேன்னுதான் பாத்துனு இருந்தேன்."