பென்சிலில் எழுதிய ஆறாவது அட்டை

சாமி அறையில் விளக்கேற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த விளக்கின் முன்னால் நான் பொய் சொன்னதில்லை. இதில் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை.

இது இருட்டில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், பிற்பகல் மூன்று மணி. மலேசியாவில், செனாயில் ஓர் உறைகிடங்கு. மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கும் இடம். வெளியே தார் இளகும் வெயில். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி.

என் வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். கட்டடங்களில் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்களைச் சோதிப்பவன் நான். உறைகிடங்கில் குழாய்க்குள் தண்ணீர் வைக்க முடியாது, உறைந்துவிடும். அதனால் காற்றை அடைத்து வைப்போம். தண்ணீர் வெளியே ஒரு பெரிய வால்வுக்குப் பின்னால் காத்திருக்கும். தீப்பிடித்தால் காற்று வெளியேறும், தண்ணீர் பாயும். தீ இல்லாமல் காற்று போனாலும் பாயும். தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது.

காற்றில் இருக்கும் ஈரம் குழாயின் தாழ்வான இடங்களில் சொட்டுச் சொட்டாகத் தேங்கும். அதை வடிக்க அங்கங்கே வடிகால் உண்டு. மேலே ஒரு வால்வு, கீழே ஒரு வால்வு. மேலே மூடு, பிறகு கீழே திற. இந்த வரிசை தவறினால் குழாயின் காற்றெல்லாம் போய்விடும்.

அந்தக் கிடங்கில் ஆறு வடிகால்கள். வாரம் ஒரு முறை வடித்து, அங்கே தொங்கும் அட்டையில் தேதி எழுத வேண்டும். அது பராமரிப்பாளர் செல்லப்பனின் பொறுப்பு. எங்கள் கம்பெனிக்கு அது புது ஒப்பந்தம். அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

2:40. செல்லப்பன் கதவருகே நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பெரிய சிரிப்பு.

"என்ன சார், நல்ல நாள்ல வீட்ல இருக்க விட மாட்டாங்களா ஒங்கள?"

"வீட்டுல இருந்தா என் சம்சாரம் பிரேமளா ஜன்னல் துடைக்க விட்டுடுவா. இங்கயே மேல்."

சிரித்தோம். நான் தடித்த அங்கியை மாட்டிக்கொண்டேன். கதவருகே ஒரு பலகை. உள்ளே போகிறவர் தன் எண் போட்ட தகட்டை அதில் மாட்ட வேண்டும். வெளியே வந்தால் எடுக்க வேண்டும். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பலகையைப் பார்த்துத்தான் கதவைப் பூட்டுவார்கள்.

என் தகட்டை மாட்டினேன். பலகையில் அது ஒன்றுதான்.

"சார், அஞ்சு வரைக்கும் பாத்தா போதும் லா," என்றார் செல்லப்பன். "ஆறு ரொம்பக் கடைசி. அங்க ஐஸ் ஜாஸ்தி. வழுக்கும்."

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

அவர் சிரிப்பு நின்றது. அதை நான் கவனித்தேன்.

2:52. உள்ளே போனேன். செல்லப்பன் வெளியே வால்வு அறையில், குழாய்க்குள் காற்றை அடைக்கும் கம்ப்ரசர் அருகே. பேசிக்கொள்ள ஆளுக்கொரு வாக்கிடாக்கி.

முதல் வடிகால். அட்டையில் தேதிகள் ஒழுங்காக இருந்தன. ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஒன்று. நீலப் பேனா. வடித்துப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை, பனிக்கட்டிதான் துருத்தியது. பல மாதத்துப் பனி.

இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. ஐந்து அட்டையிலும் அதே நீலப் பேனா.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது போதும். உறைகுளிரில் பேனா எழுதாது. மை கட்டிவிடும். நாங்களெல்லாம் பென்சில்தான் வைத்திருப்போம். இந்த அட்டைகள் எங்கோ வெதுவெதுப்பான அறையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவை.

செல்லப்பன் உள்ளேயே வருவதில்லை. பொய்க் கணக்கு.

மனம் கசந்தது. அவ்வளவு சிரித்த மனிதர்...

3:06. டங்... டங்... டங்...

குழாயை யாரோ தட்டினார்கள். மூன்று முறை. நிதானமாக.

"செல்லப்பன், நீங்களா தட்டுனது?"

"இல்லயே சார். நான் கம்ப்ரசர்கிட்ட நிக்கிறேன்."

ஆறாவது வடிகால், கடைசி அடுக்குக்குப் பின்னால் இருந்தது. விளக்கு மங்கல். திரும்பினேன்.

அங்கே ஒருவர் குந்தியிருந்தார்.

நாற்பது வயது இருக்கும். ஒல்லி. அங்கி இல்லை. சாதாரணச் சட்டை. வெறுங்கை. அந்த வெறுங்கையால் பித்தளை வால்வைப் பிடித்திருந்தார். அந்தக் குளிரில் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வேலை பெர்மிட் இல்லாத யாரையோ பிடித்து, அங்கிகூடத் தராமல் உள்ளே அனுப்பிவிட்டு, செல்லப்பன் வெளியே உட்கார்ந்து அட்டை எழுதுகிறார்.

"ஒங்க பேரு என்னங்க?"

"வீரமுத்து ஐயா."

அட்டையைப் பார்த்தேன். பென்சில். சிறிய, சாய்ந்த எழுத்து. ஜனவரி ஒன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் தேதி. இந்தக் கிடங்கில் உண்மையாக எழுதப்பட்ட ஒரே அட்டை.

"தினமுமா வடிக்கிறீங்க?"

"ஆமாங்கய்யா. இங்க விட்டா ஆபத்து."

என் பையில் மாற்றுக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை இருந்தது. பிரேமளா பின்னியது. மணிக்கட்டில் சிவப்பு நூலால் 'அ' என்று தைத்திருப்பாள், அம்பிகைபாகன் என்ற என் பெயருக்கு அடையாளம். எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மேல் வால்வு சரியில்லை ஐயா. நான் பிடிச்சுக்கறேன். நீங்க கீழே திறங்க."

கையுறை போட்ட கையால் மேல் வால்வைப் பிடித்தார். நான் கீழே திறந்தேன்.

டொக்... டொக்... டொக்...

சொட்டியது தண்ணீர். பனிக்கட்டி அல்ல, தண்ணீர். மூடினேன்.

அப்போதுதான் பார்த்தேன். என் வாயிலிருந்து வெள்ளைப் புகை போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அங்கே மூச்சு புகையும்.

அவர் வாயில் புகை இல்லை.

3:17. வாக்கிடாக்கி கரகரத்தது.

"சார்... பட்டன அமுக்கியே வச்சிருக்கீங்க. யார்கூட பேசுறீங்க?"

திரும்பினேன்.

யாருமில்லை.

அடுக்குக்கு அந்தப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. எனக்குக் கை மரத்துவிட்டது. வெளியே வந்தேன்.

3:25. செல்லப்பன் பூட்டைக் கையில் வைத்திருந்தார்.

"முடிஞ்சுதா சார்? பூட்டிட்டுக் கெளம்பலாம்."

"பூட்டாதீங்க. உள்ள ஆள் இருக்கு."

"பலகையப் பாருங்க சார். ஒங்க தகடு மட்டும்தான்."

"தகடு குடுக்காம ஆள உள்ள விட்டா பலகை என்ன சொல்லும்? செத்துப்போவாருங்க! அங்கிகூட இல்ல!"

"அலமாக்... யாரு சார்? இன்னிக்கி லீவு லா!"

"வீரமுத்துன்னு சொன்னாரு."

பூட்டு கீழே விழுந்தது.

அவர் அதை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"தேடணும்," என்றேன். "அவர் வெளிய வர்ற வரைக்கும் நான் போக மாட்டேன்."

3:31. இருவரும் உள்ளே போனோம். தரையெல்லாம் மாவு தூவியது போல் உறைபனி. நான் முன்னால் நடந்தேன். அவர் மூன்றாவது வடிகாலோடு நின்றுவிட்டார்.

கடைசி அடுக்கு.

டார்ச் அடித்தேன்.

உறைபனியில் காலடித் தடங்கள். போனதும் வந்ததும்.

எல்லாம் என் காலணி.

ஒரே ஒரு ஆளின் தடம்.

அட்டையைத் திருப்பினேன்.

இன்றைய தேதி. பென்சில். பக்கத்தில் நேரம்.

3:17.

என் பென்சில் என் சட்டைப் பையிலேயே இருந்தது...

வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்தோம். பிளாஸ்கில் இருந்த சூடான மைலோவில் பாதியை ஊற்றி அவரிடம் கொடுத்தேன். அதுவரை அவரைச் சந்தேகித்த குற்ற உணர்வா, என்னவோ தெரியவில்லை. அந்தக் கோப்பையைப் பிடித்ததும் அவர் அழுதுவிட்டார்.

"ரெண்டு வருசம் சார். இதே நாள். வீட்ல விருந்தாளிங்க வந்திருந்தாங்க. நாள் கூலிக்கு வந்த ஆளு அவரு, தமிழ்நாட்டுக்காரரு. 'ஆறாவத மட்டும் வடிச்சுடுங்க'ன்னு நான்தான் உள்ள அனுப்புனேன். தகடு குடுக்கல. மேல் வால்வு மூடல போல... காத்து போயி தண்ணி அடிச்சிருக்கு. அந்தக் குளிர்ல முழுக்க நனைஞ்சு... நான் பலகையப் பாத்தேன் சார். காலியா இருந்துச்சு. வெளிய போயிருப்பாருன்னு பூட்டிட்டுப் போயிட்டேன். மூணு நாள் கழிச்சுத்தான் தொறந்தோம்."

"ஆள உள்ள அனுப்புனது நீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒங்களுக்குத்தான் சார். திருட்டுத்தனமா நொழைஞ்சவருன்னு எழுதிட்டாங்க. நானும் ஆமான்னு சொன்னேன். ஒடஞ்ச குழாய மாத்துனாங்க. அந்த வால்வ மாத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்கன்னு வாயத் தொறக்கல. அதுக்கப்புறம் மூணாவதத் தாண்டி நான் போனதே இல்ல."

ஆறாவது அட்டையை எழுதுவது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

என் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். நான் பார்த்த மனிதரைத் தவிர. மறுநாள் காலை செல்லப்பன் தாமாகவே போலீஸ் நிலையத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். வீரமுத்து திருட வரவில்லை, வேலைக்கு வந்தார் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

பத்து நாள் கழித்து, ஆறாவது வடிகாலின் மேல் வால்வை மாற்ற எங்கள் குழாய் ஃபிட்டர் தீபன் போனான். காலை 10:20க்கு எனக்கு போன் வந்தது.

"சார், இத வச்சா அன்னிக்கி வடிச்சீங்க?"

"ஏன்?"

"உள்ள இருக்கற அடைப்புத் தட்டு ஒடஞ்சு விழுந்து கெடக்கு சார். துரு ஏறிப்போச்சு, வருசக்கணக்கா இருக்கும். எவ்ளோ திருகுனாலும் இது மூடாது. நீங்க கீழ தொறந்த ஒடனே மொத்தக் காத்தும் போயி, தண்ணி ஒங்க மேல அடிச்சிருக்கணும். எப்படி தப்பிச்சீங்க?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னொண்ணு சார்... வால்வுக்குள்ள என்னவோ அடைச்சிருக்கு. குழாய் வாயில இறுக்கமா. இந்த வால்வ கழட்டாம உள்ள வைக்கவே முடியாது. போல்ட்டெல்லாம் பழசு, பெயிண்ட்டுகூட கலையல. எப்படிப் போச்சுன்னே தெரியல."

"என்ன அது?"

"கம்பளிக் கையுற சார். ஒண்ணே ஒண்ணு. சிவப்பு நூல்ல 'அ'ன்னு தெச்சிருக்கு."

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, சாமி அறையில் வைத்திருக்கிறேன். இப்போதும் என் எதிரேதான் இருக்கிறது. எத்தனை நாள் காய வைத்தாலும் தொட்டால் சில்லென்றுதான் இருக்கிறது.

மற்றதை நான் தேடவில்லை. பிரேமளா ஜோடிக்கு ஒன்று பின்னட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவருக்கு ஒரு கையாவது குளிராமல் இருக்கட்டும்.